ஒரு விரலும் குறையாத மடு

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யானாலும் நாளைக்கு என் சோற்றில் உப்பு கரையாமல் போகட்டும், என் செருப்பு இரண்டும் இடது காலாக மாறட்டும். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். போகிறவர்கள் தண்ணீர்ப் பக்கமாக மட்டும் போக வேண்டாம்.

கருங்காட்டின் நடுவில் ஒரு மடு இருந்தது. மலையிலிருந்து இறங்கும் ஓடை அங்கே வந்துதான் படுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் யானை முழுகும் ஆழம். அந்தக் காட்டுக்கு அது ஒன்றுதான் தண்ணீர். கணவாய் தாண்டி இரண்டு நாள் நடந்தால் ஒரு பெரிய ஆறு உண்டு. ஆனால் வழியில் இருக்கும் குட்டைகள் பங்குனி பிறந்தால் காய்ந்துவிடும். அதற்குப் பிறகு கிளம்புகிறவனுக்கு ஆறு கிடைக்காது. கழுகுக்கு அவன் கிடைப்பான்.

இரண்டு கோடைக்கு முன்னால் அப்படித்தான் ஆயிற்று. மடு வற்றுவதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது கிளம்பும் காலம் தப்பிவிட்டது. பாதிக் காடு அந்தப் பாதையிலேயே எலும்பாகக் கிடந்தது.

மிச்சம் இருந்தவர்கள் ஒன்றுகூடி 'மடுக் காவல் கூட்டம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சம்பளம் கிடையாது. சாப்பாடு அவரவர் பாடு. நெடுங்காலர் என்ற நாரை அதற்குத் தலைவர். உளியப்பன் என்ற மரங்கொத்தி எழுத்தர். மடுவில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று தினமும் பார்க்க வேண்டும். குறைந்தால் காட்டுக்குச் சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அளப்பதற்கு ஒரு வழியும் தானாகவே வந்து சேர்ந்தது. ஐப்பசி வெள்ளம் வடிந்த மறுநாள், மடுவின் நடுவில் ஒரு கல் தெரிந்தது. கறுத்த கல். சொரசொரப்பான கல். அதன் பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு நீளத் தழும்பு. தண்ணீர் சரியாக அந்தத் தழும்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"வெள்ளம் நமக்கென்றே கொண்டுவந்து வைத்த அளவுகோல் இது," என்றார் நெடுங்காலர்.

அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில், கரையோர மருத மரத்தின் உச்சிக் கிளையில் நின்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார். "தழும்பு நனைந்திருக்கிறது. மடு நிறைவு," என்பார். உளியப்பன் பக்கத்துப் பட்ட மரத்தில் ஒரு கொத்து கொத்துவான். அத்தோடு அன்றைய காவல் முடிந்தது. காவலர்கள் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. வைத்தால் தண்ணீர் கலங்குமாம்.

கார்த்திகை போயிற்று. மார்கழி, தை, மாசி எல்லாம் போயின. மடுவில் ஒரு விரல் குறையவில்லை.

"வெயில் இப்படிக் காய்ந்தும் குறையவில்லை என்றால் அது எதன் பலன்?" என்று கூட்டத்தில் கேட்பார் நெடுங்காலர். "நம் காவலின் பலன்," என்று எல்லாரும் சிறகடிப்பார்கள்.

இடையில் ஒரு புள்ளிமான் குட்டி தண்ணீர் குடிக்கப் போனது. திரும்பவில்லை. முக்குளிப்பான் ஒன்று முங்கியது. எழவில்லை. தாய்மான் வந்து மருத மரத்தடியில் நின்று அழுதது.

"வருத்தமான செய்திதான், அம்மணி," என்றார் நெடுங்காலர். "ஆனால் இந்தக் கூட்டம் தண்ணீரைப் பார்ப்பதற்காக ஏற்பட்டது. காணாமல் போனவர்களைப் பார்க்க வேறு கூட்டம்தான் வேண்டும்."

இப்போது வெள்ளாத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒரு கானாங்கோழி. வெள்ளை முகம், வெள்ளை மார்பு, எதையும் இரண்டு தடவை பார்க்கும் கண். கோரை நடுவில் கூடு கட்டி ஏழு முட்டை இட்டிருந்தாள். கூட்டைச் சுற்றி மார்பளவு தண்ணீர் நின்றது. கீரி நீந்தி வராது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் அவள் அங்கே குடியேறினாள்.

பங்குனி பிறந்த மூன்றாம் நாள், கூட்டிலிருந்து இறங்கினாள். கால் நீந்தவில்லை. சேற்றில் நின்றது.

குனிந்து பார்த்தாள். கோரைத் தண்டுகளில் அவள் மார்புக்கு நேராக ஒரு பழுப்புக் கோடு ஓடியது. தண்ணீர் முன்பு நின்ற கோடு.

நேராக மருத மரத்தடிக்கு ஓடினாள். "தலைவரே, தண்ணி குறைஞ்சுபோச்சு. என் கூட்டுக்கு அடியில சேறு தெரியுது."

நெடுங்காலர் மேலே இருந்தபடியே கேட்டார். "எழுத்தரே, இன்று என்ன பதிவு?"

"தழும்பு நனைந்திருக்கிறது. மடு நிறைவு," என்றான் உளியப்பன்.

"கேட்டாயா? நூறு நாளுக்கு மேல் ஒரே அளவு. உன் கூடுதான் சற்று மேலே எழும்பியிருக்கும்."

"கூடு எப்படிங்க எழும்பும்?"

"முட்டை இட்ட பெண்களுக்கு இந்த மாதிரி பயம் வருவது உண்டு," என்றார் நெடுங்காலர். கீழே இறங்கவே இல்லை.

அப்போது பக்கத்து வளையிலிருந்து ஒரு கொடுக்கு வெளியே வந்தது. பிறகு இரண்டு கண்கள். பிறகு முழு நண்டு. பெயர் கொடுக்கன். அந்தக் கரையிலேயே பிறந்து அந்தக் கரையிலேயே கிழடானவன்.

"அக்கா சொல்றது நிசம்ங்க. தண்ணிக்குப் பக்கத்துல இருக்கணும்னு நான் இந்த வருசம் மூணு தடவை வீடு மாத்திட்டேன். மூணு தடவையும் கீழே, கீழே."

நெடுங்காலர் சிரித்தார். "நேராக நடக்கத் தெரியாதவன் பேச்சை எந்தப் பதிவில் சேர்ப்பது? அதோடு நீ கூட்டத்தின் உறுப்பினரும் இல்லையே."

"கேட்டா சேர்ந்திருப்பேன். கேக்கலியே," என்றான் கொடுக்கன், பக்கவாட்டில் நடந்துகொண்டே.

திரும்பும் வழியில் வெள்ளாத்தாள் கரையில் கிடந்த ஒரு மூங்கில் குச்சியைக் கவ்வினாள். கோரைக்குப் பக்கத்தில், தண்ணீருக்குள், சேற்றில் ஆழமாகக் குத்தி நிறுத்தினாள்.

"கொடுக்கண்ணே, தண்ணி தொடுற இடத்துல ஒரு கடி கடிச்சு வையுங்க."

கொடுக்கன் கடித்து வைத்தான். மறுநாள் காலை பார்த்தார்கள். கடித்த இடம் தண்ணீருக்கு ஒரு விரல் மேலே நின்றது. புதிதாக ஒரு கடி. அதற்கு மறுநாள் இன்னும் ஒரு விரல். மேலே மருத மரத்திலிருந்து குரல் மட்டும் மாறாமல் வந்தது: "தழும்பு நனைந்திருக்கிறது. மடு நிறைவு."

கொடுக்கன் குச்சியைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். "ஒண்ணு, குச்சி வளருது. இல்லாட்டி கல்லு இறங்குது."

"நட்ட குச்சி வளராது, அண்ணே."

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

இன்னொன்றும் இருந்தது. கிழக்குக் கரையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். களக்... களக்... யாரோ ஒருவர் மெதுவாக, அவசரம் இல்லாமல் விழுங்குவது போன்ற சத்தம். காட்டில் எல்லாரும் அதை மடு முனி என்று சொல்லிக் கிழக்குப் பக்கமே போக மாட்டார்கள்.

குச்சி நட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. உச்சிப் பொழுது. காற்று நின்றுவிட்டது. ஒரு தட்டான்கூடப் பறக்கவில்லை. வெள்ளாத்தாள் முட்டை மேல் கிடந்தாள். திடீரென்று கிழக்குக் கரையின் சத்தம் நின்றது. அது இருந்தபோது தந்த பயத்தைவிட, நின்றபோது தந்த பயம் அதிகம். மெல்லக் கழுத்தை நீட்டி மடுவைப் பார்த்தாள்.

மடுவின் நடுவில் கல் இல்லை.

தண்ணீர் தகடு மாதிரிக் கிடந்தது. கல் இருந்த இடத்தில் ஒரு வட்டம் விரிந்து விரிந்து கரைந்தது.

"அண்ணே," என்றாள் மெதுவாக. "கல்லு எங்கே?"

கொடுக்கன் வளையை விட்டு வந்து பார்த்தான். "சாப்பிடப் போயிருக்கும்," என்றான். சிரிக்கத்தான் சொன்னான். ஆனால் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

விடியலில் மட்டும்தானே காவலர்கள் கல்லைப் பார்ப்பார்கள்? உச்சியில் அது எங்கே இருக்கிறது என்று இத்தனை மாதத்தில் ஒருவரும் பார்த்ததில்லை.

மாலையில் கல் திரும்பி வந்திருந்தது. ஆனால் பழைய இடத்தில் இல்லை. கோரைக்கு மிகப் பக்கத்தில் நின்றது. தழும்பு நனைந்திருந்தது. கிழக்குக் கரையில் களக், களக் என்று மறுபடியும் விழுங்கத் தொடங்கியிருந்தது.

வெள்ளாத்தாள் சிறகை விரித்து முட்டைகளை மூடினாள். அப்போது ஒரு குரல் கேட்டது. தாழ்ந்த குரல். ஈரமான குரல். ஊர் விசாரிக்கிற மாதிரிக் கேட்டது.

"ஏழு முட்டையா, தாயி?"

சுற்றும் முற்றும் பார்த்தாள். கோரை அசையவில்லை. கரையில் ஒருவரும் இல்லை. கல் மட்டும் இருந்தது.

அவள் அன்று பொழுது சாய்ந்தும் கண்ணை மூடவில்லை.

விடியும் நேரத்தில் இரை பொறுக்கக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள். கூட்டில் ஆறு முட்டை. சேற்றில், மார்பளவு தண்ணீர் நின்ற அதே இடத்தில், கீரியின் கால் தடம் வரிசையாக வந்து வரிசையாகப் போயிருந்தது.

அழுவதற்கு அவளுக்கு நேரம் இல்லை. மருத மரத்தடிக்குப் போய் நின்று, காடே திரும்பிப் பார்க்கும்படி கூவினாள். மான்கள் வந்தன. பன்றிகள் வந்தன. நரி வந்து, ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது.

"ஏழு முட்டை ஆறாச்சு. கீரி நடந்து வந்து எடுத்துட்டுப் போயிருக்கு. நடந்து! தலைவரே, இறங்கி வந்து ஒரே ஒரு தடவை என் குச்சியைப் பாருங்க."

"காவலர் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்பது விதி."

"உங்க கால் நனையாதுங்க. அங்கே இப்போ தண்ணி எங்கே இருக்கு?"

பன்றிகள் கனைத்துச் சிரித்தன. நெடுங்காலருக்குக் கழுத்து வரை கோபம் ஏறியது. அவருடைய கழுத்தோ நீளம்.

"ஒரு குச்சி, அதில் ஒரு நண்டின் பல்தடம். இதை நம்பி, நூற்று இருபது நாள் பதிவைப் பொய் என்கிறாயா?"

"நண்டுக்குப் பல் இல்லீங்க, கொடுக்கு," என்றான் கொடுக்கன்.

"அந்தக் கல்லு உச்சியில காணாமப் போகுது," என்றாள் வெள்ளாத்தாள். "சாயங்காலம் வேற இடத்துல நிக்குது. நேத்து எங்கிட்டப் பேசுச்சு."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். "என்ன பேசிற்று? சௌக்கியமா என்று கேட்டதா?" என்றது நரி.

"முட்டை எத்தனைன்னு கேட்டுச்சு."

நெடுங்காலர் சிறகை விரித்தார். "விதியைத் தளர்த்தாமலே இதை முடித்துவைக்கிறேன். நான் தண்ணீரில் கால் வைக்கப் போவதில்லை. கல்லின் மேல் நிற்கப் போகிறேன். அங்கிருந்தே இன்றைய அளவைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு இந்தப் பேச்சு போதும்."

"வேண்டாங்க, தலைவரே."

அவர் பறந்துவிட்டார். வட்டமிட்டு, கல்லின் முதுகில் இரண்டு காலையும் வைத்து நின்றார். காடு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. உளியப்பன் கொத்துவதற்குத் தலையை ஓங்கினான்.

"தழும்பு நனைந்திருக்கிறது," என்று தொடங்கினார் நெடுங்காலர்.

அத்தோடு நிறுத்தினார். அவருடைய காலடியில் கல் மெதுவாக மேலே ஏறியது. மெதுவாகக் கீழே இறங்கியது. மறுபடியும் ஏறியது.

கல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"ஆறுதானா இப்போ?" என்று கேட்டது காலடியில் ஒரு குரல்.

கரையில் நின்ற அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். கல்லின் முன்பக்கத்தில் பாசி பிளந்தது. அதற்குள் மஞ்சளாக ஒரு கண் திறந்தது. நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கறுப்புக் கீற்று.

"இன்னும் பத்து நாள் பொறுத்திருக்கலாமே, தலைவரே," என்றது முதலை. "மடு கிண்ணமாகியிருக்கும். கிண்ணத்துல அள்ளிச் சாப்பிடறது சுலபம். உங்க எழுத்தர் நல்லா ஒத்தாசை பண்ணினார். ஊர் கிளம்பிடுமோன்னு நான் பயந்த ஒவ்வொரு நாளும், நிறைவு, நிறைவுன்னு கொத்தினார்."

நெடுங்காலரின் ஒரு கால் தானாக மேலே எழும்பியது. நல்லவேளையாக எழும்பியது. முதலை சட்டென்று புரண்டது; அந்த இடத்தில்தான் வாய் வந்து மூடியது. வால் இறகு மூன்றை விட்டுவிட்டு அவர் வானத்துக்கு ஏறினார்.

முதலை முங்கியது. வட்டம் விரிந்து விரிந்து கரைந்தது. எந்தப் பக்கம் போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. நின்றவர்கள் எல்லாரும் கரையிலிருந்து பின்னால் நகர்ந்தார்கள்.

"நாம நினைச்சது சரிதான்," என்று கொடுக்கன் வெள்ளாத்தாளிடம் மெல்லச் சொன்னான். "மிதக்கிறவனை வச்சு அளந்தா மடு என்னைக்குக் குறையும்? தண்ணியோட சேர்ந்து அவனும் இறங்குவான்."

நெடுங்காலர் திரும்பி வந்து தரையில் நின்றார். முதல் தடவையாகத் தரையில். "ஆற்றுக்குக் கிளம்பலாம்," என்றார்.

"பங்குனி எட்டாச்சுங்க," என்றது தாய்மான். "வழியில ஒரு குட்டையும் இருக்காது."

இரண்டு கோடைக்கு முன் பாதையில் கிடந்த எலும்புகள் எல்லாருக்கும் நினைவு வந்தன. அப்போது கிழக்குக் கரைச் சத்தம் தெளிவாகக் கேட்டது. களக். களக்.

வெள்ளாத்தாள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "அண்ணே, உச்சியில அந்தச் சத்தம் நின்னுது. அதே நேரத்துல கல்லும் இல்ல. அந்தச் சத்தம் என்ன சத்தம்?"

கொடுக்கன் பிறந்தது முதல் வளை தோண்டுகிறவன். ஒரு கணத்தில் புரிந்துகொண்டான். "முனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கரைக்குள்ள அவன் வளை தோண்டியிருக்கான். அது அந்தப் பக்கத்துப் பள்ளம் வரைக்கும் ஓட்டை விழுந்திருக்கு. நம்ம தண்ணி அது வழியாத்தான் போகுது. உச்சி வெயிலுக்கு அவன் உள்ளே போய்ப் படுத்தா, உடம்பு ஓட்டையை அடைச்சுக்கும். சத்தம் நின்னுடும்."

"அந்தப் பக்கமா வெளியே போக முடியுமா அவனால?"

"சத்தத்தைக் கேளுங்க. சின்ன ஓட்டை. வால் நுழையும். வயிறு நுழையாது."

அன்று உச்சி வரை ஒருவரும் அசையவில்லை. பன்றிகள்கூட மூச்சை அடக்கிக்கொண்டு புதரில் கிடந்தன. வெயில் நடு மண்டையில் இறங்கியது. களக் என்றது. பிறகு ஒரு களக். பிறகு நின்றது.

வெள்ளாத்தாள் ஒரே ஒரு கூவல் கூவினாள்.

நண்டுகள் நூறு நூறாகக் கரையிலிருந்து வழிந்து இறங்கின. வளையின் வாய் கரையடியில் இருட்டாகத் திறந்து கிடந்தது. தண்ணீர் இறங்கி இறங்கி, அதன் மேல் உதடு வெளியே தெரிந்தது. பன்றிகள் கல் உருட்டிக்கொண்டு வந்தன. உளியப்பன் ஒவ்வொரு கல்லையும் மூன்று தடவை கொத்திப் பார்த்து, "இது நிசக் கல்," என்று சொன்ன பிறகுதான் உருட்டவிட்டான். அவனை ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நண்டுகள் களிமண்ணை அப்பின. நெடுங்காலர் விதியை மறந்து, முழங்கால் தண்ணீரில் நின்று அலகால் சேறு அள்ளினார்.

வேலை முடியும் தறுவாயில் உள்ளே இருந்து ஒரு முட்டு விழுந்தது. கரை அதிர்ந்தது. பிறகு அந்தத் தாழ்ந்த குரல், மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது.

"யாரது? பொழுது சாஞ்சாச்சா?"

கடைசிக் கல்லை வைத்தார்கள்.

அந்தக் கோடையில் மடு முழங்கால் அளவோடு நின்றது. சித்திரையில் இடி மழை பெய்தது. ஆறு முட்டையும் பொரிந்தன. கரித்துண்டு போன்ற ஆறு குஞ்சுகள் வெள்ளாத்தாள் பின்னால் வரிசையாக நீந்தின. அவள் மட்டும் திரும்பித் திரும்பி ஏழு எண்ணுவாள்.

காவல் கூட்டம் இப்போதும் இருக்கிறது. மடுவில் ஒரு குச்சி இல்லை, ஐந்து குச்சி, ஐந்து இடத்தில். ஒவ்வொன்றையும் அதன் அருகில் குடியிருக்கிறவரே பார்க்கிறார். ஒருவர் சொன்ன அளவை இன்னொருவர் வேறு நேரத்தில் போய்ச் சரிபார்க்கிறார். உச்சியிலும் பார்க்கிறார்கள். தண்ணீர் குடிக்க வந்தவர் திரும்பாவிட்டால் அதற்கும் ஒரு கொத்து உண்டு. கொடுக்கன் உறுப்பினர், கூட்டத்துக்குப் பக்கவாட்டில்தான் வருகிறான், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நெடுங்காலர் அன்றைக்கு எடுத்த காலை இன்னும் முழுதாக இறக்கவில்லை. தண்ணீரில் எங்கே நின்றாலும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறார், அவர் பிள்ளைகளும் அப்படியே. கீழே மூச்சு விடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றக் காலை வைப்பார்களாம்.

ஆகையால், பொதுப் பொருளைக் காக்க வந்தவர்கள் பொருளை அளப்பதற்கு முன் தங்கள் அளவுகோலை அளந்து பார்க்க வேண்டும்; கரையில் வாழ்கிறவர் சொல்லுக்கு இறங்கி வந்து காது கொடுக்க வேண்டும்.

இன்றைக்கும் உச்சி வெயிலில் அந்தக் கிழக்குக் கரையில் காதை வைத்தால், உள்ளே ஒருவர் மெல்லக் கேட்பது கேட்கும்: "பொழுது சாஞ்சாச்சா?" முதலை எத்தனை நாள் பட்டினி கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்? அவனுக்கு உறவுக்காரர்களும் அதிகம். எந்தெந்தக் குளத்தில் எந்தெந்தக் கல்லாக மிதக்கிறார்களோ. கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று கேட்டால் மட்டும், முகம் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். நான் குளிக்கிற இடத்திலும் ஒரு கல் இருக்கிறது.